அறுபது கிலோவுக்கு இந்தப் பக்கம்

ஜூலை 7, திங்கள்

தின்பதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. எழுதுகிறேன். காலை: இட்லி நான்கு, வடை ஒன்று. பதினொரு மணி: ஆஸ்பத்திரி வாசலில் தேங்காய் பன். மதியம்: சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம் எண்ணவில்லை. மாலை: முட்டை பஃப்ஸ் இரண்டு. இரவு: பரோட்டா. டாக்டரிடம் போய்வந்த அலுப்பில் அம்மாவால் சமைக்க முடியவில்லை. ஆகவே நான் குண்டாக இருப்பதற்கு வைத்தியம் பார்த்துவிட்டு, வரும் வழியிலேயே பரோட்டா கட்டிக்கொண்டு வந்தோம்.

டாக்டர் முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார். பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கிறது. ஒரு வருடமாக அம்மா அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், கடைசியில் பாத்திரம் தேய்க்கிற நார். "சரியாக் குளிக்க மாட்டேங்குறா டாக்டர்" என்று அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

"அது அழுக்கு இல்லம்மா. எடை ஏறுனா சில பிள்ளைங்களுக்கு இப்படி வரும். பின்னாடி சக்கரை வர்றதுக்கு முன்னாடியே தோல் காட்டிக்குடுக்குது. தேச்சாப் போகாது."

அம்மா கீழே குனிந்துகொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வியாதி என்றாலும் பரவாயில்லை, நான் குளிக்காதவள் இல்லை.

"என்ன வெளையாடுவ?"

"கோ-கோ. இப்ப இல்ல. முன்னாடி."

"ஏன் விட்டுட்ட?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பெரியவளாயிட்டா டாக்டர். அதான்..."

"அதனால? காலு போயிருச்சா? ஓட விடுங்க சார். மாத்திரை எழுதித் தர்றதவிட அதுதான் மருந்து."

ஆட்டோவில் வரும்போது அப்பா சொன்னார்: "மொதல்ல கொறையட்டும். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு கிரவுண்டுல ஓடுனா பாக்குறவன் நாலு விதமாப் பேசுவான். அறுபது வரட்டும், நானே கொண்டுபோய் விடுறேன்."

நான் இப்போது அறுபத்தாறு. ஓடினால்தான் குறையும், குறைந்தால்தான் ஓடலாம். கணக்கு மிஸ் இப்படி ஒன்றைக் கொடுத்திருந்தால் கேள்வியே தப்பு மிஸ் என்று எழுந்து சொல்லியிருப்பேன். அப்பாவிடம் சரி என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலை: இட்லி இரண்டு. பத்து மணி இடைவேளைக்கு அம்மா டப்பாவில் ரவா லட்டு வைத்திருந்தாள். "ரெண்டு இட்லியோட போறியேன்னு மனசு கேக்கல" என்றாள்.

எங்களுக்குத் திருமங்கலத்தில் பேக்கரி. நான்கரை மணிக்குப் பள்ளி வேன் என்னை வாசலில் இறக்கிவிடும். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா கிரில் கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவாள். அது கல்லாவில் கூட்டம் நிற்கிற நேரம். டைனிங் டேபிளில் பஃப்ஸ் இருக்கும், ரிமோட் இருக்கும். ஆறு மணிக்குத் தங்கை நிவேதா பிராக்டிஸ் முடிந்து டீம் பிள்ளைகளோடு நடந்து வருவாள். வரும் வழியில் கடையில் நின்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். அம்மா பூட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டு மறுபடி பூட்டுவாள். நிவிக்குப் பதினொரு வயது, ஆறாவது படிக்கிறாள், ஜூனியர் டீம். வந்தவுடன் முழங்காலில் இருக்கும் மண்ணைக்கூடத் தட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வாள். யார் அவுட், யார் அழுதது, எஸ்தர் மிஸ் யாரைத் திட்டினார். எனக்குக் கேட்கவும் வேண்டும், கேட்டால் எரிச்சலும் வரும்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்கு நர்ஸுகள் வந்து எடை பார்த்தார்கள். ஒவ்வொருவர் எடையையும் உரக்கச் சொன்னார்கள், ஏலம் போடுகிற மாதிரி. எடை அதிகமானவர்களை "இந்தப் பக்கம் நில்லு" என்று ஜன்னல் ஓரம் தள்ளினார்கள். நான் மட்டும்தான் நிற்பேன் என்று நினைத்தேன். பார்த்தால் ஜன்னல் ஓரம் நிறைந்துவிட்டது. எங்கள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான். பையன்கள் வரிசை இன்னும் நீளம்.

"நம்ம எல்லாரையும் சேத்தா ரெண்டு டீம் போடலாம்டி" என்றாள் ராகவி. அவள் எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு வேனிலிருந்து இறங்கினால் டியூஷன், டியூஷன் விட்டால் இந்தி. பக்கத்துப் பையன்கள் வரிசையில் கிஷோர். அவனை மூன்றாவது மாடியிலிருந்து கீழே விடவே மாட்டார்கள், போனை மட்டும் கையில் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் எல்லோரும் நிறையத் தின்கிறவர்கள் என்றுதான் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தின்கிறோம்தான். வேறு என்ன செய்ய வைத்திருக்கிறார்கள் எங்களுக்கு?

நர்ஸ் எஸ்தர் மிஸ்ஸிடம், "எந்த ஸ்கூலுக்குப் போனாலும் இப்ப இப்படித்தான் மிஸ் நிக்குதுங்க" என்றார்.

"வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு சிஸ்டர். ரெண்டையும் கணக்குக்கு வாங்கிக்கிறாங்க. நான் என்ன மந்திரமா போட முடியும்?" என்றார் மிஸ். கணக்கு மிஸ் சிரித்தார்.

போகும்போது எஸ்தர் மிஸ் என்னை நிறுத்தினார். "செப்டம்பர்ல ஜோன் மேட்ச் சுபிக்‌ஷா. ஆகஸ்ட் முப்பது செலக்‌ஷன். கம்பத்தச் சுத்தி டைவ் அடிக்க உன்னய மாதிரி ஆளு இன்னும் கெடைக்கல எனக்கு. வீட்ல பேசு." என் வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு வருடம் கழித்து என்னிடம் யாரோ கோ-கோ பற்றிப் பேசியிருக்கிறார்கள். வேனில் அழுதேன். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் எடை. வீட்டில் மெஷின் இல்லை. கடைக்குப் பின்னால் குடோனில் மைதா மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏறச் சொன்னார் அப்பா. மாஸ்டர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். நான் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயே பாத்துச் சொல்லு தாயி." அறுபத்தாறு இருநூறு. என் அப்பா நல்லவர். அதுதான் கஷ்டமே. கத்துகிற அப்பாவாக இருந்தால் நானும் கத்தலாம்.

இறங்கியதும் சூடான தட்டிலிருந்து ஒரு ஜாம் பன்னை எடுத்து என் கையில் வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் அந்தப் பன்னைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதி சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடம் கீழ்வீட்டு ஆன்ட்டி போன் பண்ணிவிட்டார். "மேல என்ன கிரைண்டரா ஓடுது? ஃபேன் ஆடுது எங்களுக்கு." அம்மா மன்னிப்புக் கேட்டாள்.

மொட்டைமாடியில் நடக்கிறேன் என்றேன். சுற்றிலும் வீடுகள், எல்லா ஜன்னலும் நம் மாடியைப் பார்த்துத்தான் இருக்கிறது என்றார் அப்பா. காலையில் தெருவில் ஒரு சுற்று என் கூட வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "ரெண்டு தர்பூசணி உருண்டுக்கிட்டுப் போகுதும்பாய்ங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுக்களையில் வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து பின்கட்டு, திரும்ப ஹால். ஃபிரிட்ஜைக் கடந்துதான் போயாக வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

65. காலை: தோசை. மதியம்: பிரியாணி. இரவு: சப்பாத்தி. வீட்டில் என்ன சமைத்தார்கள் என்றுதானே டாக்டர் பார்க்கப்போகிறார்.

ஜூலை 24, வியாழன்

மதியம்: லெமன் சாதம், அவித்த முட்டை. ராகவிக்கு முட்டை ரொம்பப் பிடிக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

63.4. அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஷட்டரை முழுதாக ஏற்றி, டீ குடித்துவிட்டு வந்த மாஸ்டரிடம், "பாருய்யா, எம்மக வைராக்கியத்த!" என்றார். சந்தோஷத்தில் பிளம் கேக் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நிவியிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு எதுவும் ஒட்டாது. தின்றுவிட்டு ஓடித் தீர்த்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பிரேயரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். வெயில். அன்றைக்கு மேகமாகத்தான் இருந்தது என்று ராகவி வாதாடுகிறாள். அவளுக்கு எல்லாவற்றிலும் வாதம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

62.1. இன்று பதினெட்டாம் பெருக்கு. புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல். வாசம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. வயிறு வலிக்கிறது என்று மோர் குடித்தேன்.

நிவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ சாப்புடறதே இல்லல்ல?"

"எல்லாம் எழுதியிருக்கேன். வேணா படிச்சுப் பாரு."

"எழுதுனா சாப்ட்டதா ஆயிருமா?" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரியா பேசுகிறாள்? இன்னும் இரண்டு கிலோ. அதற்கு நான்கு வாரம் இருக்கிறது. எஸ்தர் மிஸ்ஸிடம் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதியம் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். நிவி ஆபீஸ் ரூம் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அம்மா அழுதாள். "ரெண்டாவதும் இம்புட்டுச் சீக்கிரமா?" என்று அவளுக்கு அவளே கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையவிடாமல் பின்பக்கமாகக் கொண்டுபோய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பின்கட்டில் பேக்கரி தகரங்கள் அடுக்குகிற அறையைக் காலி பண்ணி, பாய், தனித் தட்டு, தனி டம்ளர். சாயங்காலமே அப்பாவின் அக்கா சந்திரா அத்தை, செக்கு நல்லெண்ணெய், கறுப்பு உளுந்து, கருப்பட்டி, கூடை நிறைய நாட்டுக்கோழி முட்டையோடு வந்து இறங்கிவிட்டார். ஆடி முடியட்டும், சடங்கை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

எனக்கு இது போன வருடம் மே மாதம். அதே அறை. பதினாறு நாள். விடிந்ததும் பச்சை முட்டை, அதே ஓட்டில் நல்லெண்ணெய். பிறகு உளுந்தங்களி, நடுவில் குழி தோண்டி எண்ணெய். குண்டாவை வழித்துக் காட்டினால்தான் அத்தை நகர்வார். "இடுப்பெலும்பு உறுதியாகணும், நாளைக்கு நாலு பிள்ள பெக்கணும்ல?" அறைக்குள் போகும்போது என் பாவாடைக்கு நாடா இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. வெளியே வரும்போது எட்டவில்லை. அதற்குப் பிறகு ஏறிக்கொண்டேதான் போனது. எல்லாம் அந்தக் களியில் ஆரம்பித்தது.

நான் எட்டிப் பார்த்தபோது நிவி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இந்த வாரம் பிராக்டிஸுக்கு வரலேன்னு மிஸ்கிட்ட சொல்லிரு. அடுத்த வாரத்துல இருந்து வந்துருவேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தீட்டு என்பதால் பெரியவர்கள் அறைக்குள் போவதில்லை. சாப்பாடு கொண்டுபோகிற வேலை என்னுடையது. "அவ தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காரு. குண்டா காலியா வரணும்" என்றார் அத்தை.

நிவி இரண்டு வாய் தின்றாள். எண்ணெய் உதட்டில் வழிந்தது. "முடியலக்கா" என்றாள். அவள் கை முருங்கைக்காய் மாதிரி இருக்கும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குண்டா காலியாகப் போயிற்று. எனக்குப் பசி. ஒரு மாதமாகப் பட்டினி கிடந்தவளுக்குப் பசிக்காதா?

ஆகஸ்ட் 7, வியாழன்

களி. முட்டை இரண்டு. பசி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

63.3. "ஏம்மா ஏறுது?" என்றார் அப்பா. தெரியவில்லை என்றேன். "இன்னும் நாள் இருக்கு, விட்றாத" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நிவிக்கு என் மேல் கோபம். "எல்லாத்தையும் நீயே திங்கிற. எனக்குக் கருப்பட்டி போட்ட எடம் மட்டும் பிடிக்கும், அதயாவது வையேன்" என்றாள். அந்த இடத்தை மட்டும் கொடுத்தேன். வயிறு நிறைய மோர் சாதமும் கீரையும் கொடுக்கிறேன், என் தட்டிலிருந்து. அது அவளுக்குப் போதும். என் டயட் சாப்பாடு அவளுக்கு, அவள் விருந்து எனக்கு. இதில் நஷ்டம் யாருக்கு? எனக்கு ருசியான பக்கம்தான் கிடைத்திருக்கிறது.

களி எனக்குப் பிடிக்கும் என்று எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பின்கட்டில் வாந்தி எடுத்தேன். நல்லெண்ணெய் வாடை. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றிவிட்டு மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மதியக் களியை எடுத்துக்கொண்டு போனேன். கதவை ஒருக்களித்து வைத்திருந்தேன். அத்தை எதற்கோ எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடி பாவி! தங்கச்சிக்கு வச்சத நீ அள்ளி அள்ளித் திங்கிறியே! ஜெயசுதா, இங்க வந்து பாரு ஒம்மக லட்சணத்த! அதான் மெஷினுல ஏறிக்கிட்டே போகுது!"

அம்மா ஓடிவந்தாள். என் வாயைச் சுற்றி எண்ணெய். குண்டா என் மடியில்.

"ஏண்டி சுபி?" என்றாள் அம்மா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ருசியா இருந்துச்சு."

"வயித்துக்கு வஞ்சனை பண்ணச் சொல்லல. கூடப் பொறந்தவ சீரத் தின்னா அடுக்குமா?" என்றார் அத்தை. "வாயக் கட்டத் தெரியாத ஒடம்பு இது, எங்கிட்டு இருந்து கொறையும்?"

நிவி பாயில் உட்கார்ந்து என்னையும் குண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இனிமேல் அத்தையே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளைத் தின்னவைப்பார். எப்படியும் ஐந்து நாள்தான் பாக்கி. ஐந்து நாளில் என்ன ஏறிவிடும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

65. அப்பா இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராக எண்ணைப் பார்த்தார். "ஒன்னய நம்பி மாஸ்டர்கிட்டல்லாம் சொல்லிவச்சேன்" என்றார். பிறகு, "கிரவுண்டு பேச்ச இத்தோட விட்ரு தாயி" என்றார்.

சரி என்றேன். இன்றைக்கு ஜாம் பன் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நிவி வெளியே வந்துவிட்டாள். அவளையும் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பில் போட்டுக்கொண்டிருந்தபோது மெஷினில் ஏற்றினேன். முப்பத்துநாலு. ஜூலையில் நர்ஸ் பார்த்தபோதும் முப்பத்துநாலு. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. நான் குதித்தால் மெஷின் தாங்காது.

"எதுக்குக்கா?" என்றாள்.

"சும்மா. நீ அப்படியே இருக்க" என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சடங்கு. தாய்மாமன் சீர் பதினெட்டுத் தட்டு. நிவிக்குப் பட்டுப்பாவாடை, சவுரி வைத்த சடை, கன்னத்தில் சந்தனம். தலையை நிமிர்த்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஸ்வீட் ஊட்டினார்கள், என்னைப் பார்த்துவிட்டு, "மூத்தவளுக்கு எதுவும் வைத்தியம் பாக்குறீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிவி அசதியில் சீக்கிரமே தூங்கிவிட்டாள். சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் போனேன். மூன்று வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தது.

"அப்பா, நாளைக்கு செலக்‌ஷன். நிவியக் கொண்டுபோய் விடுவீங்களா?"

"நிவியவா? இனிமே எப்பிடிம்மா அனுப்புறது?"

"அவ முப்பத்துநாலுதான்ப்பா. கொஞ்சங்கூட ஏறல. எடை ஏறுனதுனாலதான என்னய நிறுத்துனீங்க?"

"எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சமஞ்ச புள்ள. அரை டவுசர் போட்டுக்கிட்டு அம்புட்டுப் பேரு முன்னாடி ஓட விட்டா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாட்டுல நடக்குறதப் பேப்பர்ல பாக்குறேல்ல?"

"அப்ப எனக்குச் சொன்ன அறுபது?"

அப்பா வாட்சைக் கழற்றினார்.

"அறுபது வந்துருந்தா விட்ருப்பீங்களாப்பா?"

"நீ கொறைக்கணுமேன்னு சொன்னேன்மா. டாக்டரம்மா அப்பிடிப் பயங்காட்டுனாங்க. ஒரு ஆசையக் காட்டுனாத்தான் வாயக் கட்டுவேன்னு..." வாட்சைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

அம்மா சிங்க் அருகில் நின்றாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கழுவவில்லை.

நான் களியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் வருடத்தில் பதினாறு நாள் களி எவ்வளவு ஏற்றியிருக்கும்? மீதி நாளெல்லாம் நான் எங்கே இருந்தேன்? முட்டாள் நான். களியைத் தின்று தீர்க்கலாம். பூட்டை என்ன செய்ய முடியும்? அப்பா மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

இன்று செலக்‌ஷன். காலையிலிருந்து நிவி டிரெஸ் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எப்பக்கா போறோம்?" என்று கேட்டாள். இந்தத் தடவை இல்லை, கொஞ்ச நாள் பொறு என்றேன். ஏன் என்றாள். எனக்குச் சொல்ல வரவில்லை. டிவி போட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

இப்போது நாங்கள் இரண்டு பேரும் நான்கரை மணி வேன். பஃப்ஸ் நான்கு வைக்கிறாள் அம்மா. நிவி சோபாவின் ஒரு முனை, நான் மறுமுனை. பேசுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. மைதானத்துக்குப் போகாதவளுக்குக் கதை எங்கிருந்து வரும்? நான்கு பஃப்ஸையும் நானே தின்றுவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ராகவியின் தங்கை நிவியின் வகுப்பு. நிவி மூன்று நாளாக அவளுக்கு முட்டையும் சாதமும் கொடுத்துவிடுகிறாளாம். களி நாட்களில் தின்ற முட்டை அலுத்துப்போயிருக்கும். மதியம்: தயிர் சாதம். சாப்பிட்டேன். நிஜமாகவே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மதியம் மூன்று மணி. அப்பா காலையில் கடைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. யாரோடும் பேசாமல் போனார். நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அப்பா வழக்கம்போல, "வா தாயி, எடை பாத்துட்டு வந்துருவோம்" என்றார். நான் வரவில்லை என்றேன். இனிமேல் வரமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. இட்லிக்கு உட்கார்ந்தோம். நிவி தட்டைத் தொடவில்லை.

"சாப்புடு பாப்பா" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா."

"நேத்து ராத்திரியும் சாப்புடலயாம்ல. என்ன செய்யுது ஒடம்புக்கு?"

நிவி என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அக்காவுக்கு அறுபதுன்னு சொன்னீங்க. எனக்கு எத்தன?"

"எது எத்தன?"

"முப்பத்துநாலு இருந்தேன். நேத்துக் கடைக்கு வந்தப்ப ஏறிப் பாத்தேன், முப்பத்துரெண்டரை. இன்னும் எத்தன கொறைஞ்சா என்னய கிரவுண்டுக்கு விடுவீங்க?"

அப்பாவின் கையில் பிட்டுவைத்த இட்லி அப்படியே இருந்தது. அவள் கை அந்த மேஜை மேல் இருந்தது, முருங்கைக்காய் கூட இல்லை இப்போது. அவளுக்காகத்தான் அவ்வளவையும் தின்றேன் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டது அந்தக் குண்டாவை அல்ல, அதற்கு முந்தைய மாதத்தை. நான் எழுதியதை எல்லாம் நம்பாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சொல்லுங்கப்பா. முப்பதா?"

அப்பா இட்லியைத் தட்டில் வைத்தார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

அடுப்பருகில் நின்ற அம்மாதான் நகர்ந்தாள். கரண்டியை மேடையில் வைத்தாள், அடுப்பை அணைத்தாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கிரில்லைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நிவியின் தட்டை முன்னால் தள்ளினாள்.

"மூணு இட்லியத் தின்னுட்டுக் கெளம்பு. சுபி, நீயும் போ. ஞாயித்துக்கிழமையும் அந்த மிஸ்ஸு வருவாங்கல்ல?"

"ஜெயா" என்றார் அப்பா.

"முப்பதாயிட்டா அப்புறம் இருபத்தெட்டு கேப்பா. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுங்க" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்தாள்.

நிவி மூன்றையும் தின்றாள். நான் நான்கு. வெளியே நன்றாக வெயில் ஏறியிருந்தது. எதிர்வீட்டு மாமா பல் தேய்த்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். கீழ்வீட்டு ஆன்ட்டி கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்தார். பார்க்கட்டும். அறுபத்தைந்து கிலோவோடு முதலில் நான்தான் தெருவில் இறங்கினேன்.

முக்கு திரும்பும்வரை நிவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பியதும் விட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். பத்து அடியில் மூச்சு முட்டியது, தொடை உரசி எரிந்தது. மைதானத்தில் எஸ்தர் மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. நிவியைச் சின்னப் பிள்ளைகளோடு விட்டார், என்னை ஒரு சுற்று நடக்கச் சொன்னார். டீம் எடுத்தாயிற்று, ஜோன் மேட்ச்சுக்கு எனக்கு இடமில்லை. தெரிந்துதான் போனேன். ஒரு சுற்று நடந்தேன், இன்னொரு சுற்றும் நடந்தேன்.

ராத்திரி அப்பா வந்து என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அம்மா மத்தியானம் கடைக்குப் போகவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது ஹாலில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிரில் சாத்தியிருந்தது. பூட்டவில்லை.